பக்க எண்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

ஆய்வேட்டை ஒப்படைத்த கையோடு இதை எழுதுகிறேன். பார்வையற்ற நான் கேட்டுப் படிக்க, அதற்கு வேண்டிய அச்சு நூலைக் கணினிக் கோப்பாக்கித் தந்தவர்கள் நீங்கள். அடிக்குறிப்புகளில் நான் கொடுத்திருந்த பக்க எண்களை நெறியாளர் அச்சுப் பிரதியை வைத்துச் சரிபார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. அத்தனையும் உங்கள் உழைப்பு.

முன்பெல்லாம் வகுப்பில் "143-ஆம் பக்கம் எடுங்க" என்றதும் சுற்றிலும் தாள் புரளும் சத்தம் கேட்கும். என் கோப்பில் 143-க்குப் போனால் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அட்டை, முன்னுரை, ரோமன் எண் போட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் கணினி சேர்த்து எண்ணியிருக்கும். சரி, முன்னால் வரும் அந்த 16 பக்கத்தைக் கூட்டிக்கொள்வோம் என்றால், நடுவில் எண்ணில்லாத படத்தாள்கள் வந்து அந்தக் கணக்கையும் குலைத்துவிடும். பிரெயிலில் படித்தபோது இந்தச் சிரமம் இருந்ததில்லை. ஓர் அச்சுப் பக்கம் இரண்டு மூன்று பிரெயில் பக்கமாக நீண்டாலும், அச்சுப் பக்க எண்ணைக் கூடவே குறித்திருப்பார்கள்.

ஸ்கேன் செய்த படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆரில் பக்க எண்ணும் வெறும் எழுத்தாக வாக்கியத்துக்குள் வந்து விழும். "வீட்டை விட்டு எண்பத்தேழு வெளியேறினார்" என்று, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். இந்தத் தொல்லைக்காகவே பலர் எண்களை மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். நீங்கள் அழிக்கவில்லை. ஒவ்வோர் எண்ணையும் வாக்கியத்திலிருந்து எடுத்து, பக்கம் மாறும் அதே இடத்தில் பக்கக் குறியாக வைத்தீர்கள். எந்தப் பதிப்பின் பக்கங்கள் என்பதையும் கோப்பிலேயே எழுதினீர்கள். டெய்சி, இபப் என்ற மின்னூல் வடிவங்களில் இதற்கெல்லாம் வழி இருக்கிறதுதான். ஆனால் 412 பக்கத்துக்கும் உட்கார்ந்து அதைச் செய்ய ஆள் வேண்டுமே!

மெய்ப்புப் பார்த்தவருக்குத் தனியாக ஒரு நன்றி. மூன்று இரவுகள் போனில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் அச்சுப் பிரதியிலிருந்து நீங்கள் வாசிக்க, நான் கோப்பில் கேட்டுக்கொண்டே வந்தேன். 189 முடிந்ததும் என் கோப்பு 192 என்றது. ஸ்கேன் செய்யும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருக்கிறது. "இருங்க, நாளைக்கே எடுத்து அனுப்புறேன்" என்றீர்கள். எண்கள் இல்லாதிருந்தால் இரண்டு பக்கம் போனதே நம் இருவருக்கும் தெரிந்திருக்காது.

கோப்பை வடிவமைத்தவர், புத்தகத்தைத் திரும்பத் திரும்ப இரவல் தந்த நூலகர், எல்லோருக்கும் என் நன்றி.

நேற்று நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைத் திறந்தேன். அதுவரை நான் தொடாமலே தாண்டிப்போகும் பகுதி அது. ஒரு சொல்லுக்கு நேரே 191 என்றிருந்தது. எண்ணைத் தட்டினேன். அந்தச் சொல் இரண்டாவது வரியிலேயே இருந்தது.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் வாசகன்