ஏப்ரலில் 16 நாள் வங்கி விடுமுறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதக் கடைசி வந்தால், 'அடுத்த மாதம் வங்கிகளுக்கு இத்தனை நாள் விடுமுறை' என்ற செய்தி நாளேடுகளிலும் அவற்றின் இணையப் பக்கங்களிலும் தவறாமல் வந்துவிடுகிறது. அந்த எண், நாடு முழுவதற்குமான ரிசர்வ் வங்கிப் பட்டியலில் உள்ள எல்லா மாநில விடுமுறைகளையும் ஒன்றாகக் கூட்டிக் கிடைத்த தொகை என்பது தலைப்பைப் பார்த்தால் தெரிவதில்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே வயதான நான், இது குறித்துச் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

2025 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். 'ஏப்ரலில் 16 நாள் வங்கிகள் இயங்காது' என்று செய்தி வந்தது. தமிழ்நாட்டில் உண்மையில் மூடியிருந்தவை 10 நாள்கள்தாம். நான்கு ஞாயிறு, இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் ஆகிய ஆறும் போக, 1ஆம் தேதி ஆண்டுக் கணக்கு முடிப்பு, 10ஆம் தேதி மகாவீரர் ஜெயந்தி, 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டும் அம்பேத்கர் பிறந்தநாளும், 18ஆம் தேதி புனித வெள்ளி. மீதி ஆறு நாள்களில் நமக்கு விடுமுறையே இல்லை. 5ஆம் தேதி தெலங்கானாவில் பாபு ஜெகஜீவன் ராம் பிறந்தநாள், 15ஆம் தேதி வங்காளம், அசாம் முதலிய மாநிலங்கள், 16ஆம் தேதி மீண்டும் அசாம், 21ஆம் தேதி திரிபுராவில் கரியா பூஜை, 29ஆம் தேதி இமாசலத்தில் பரசுராமர் ஜெயந்தி, 30ஆம் தேதி கர்நாடகத்தில் பசவ ஜெயந்தி. அந்த 30ஆம் தேதி கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில் வங்கிகள் மூடிக் கிடக்க, பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் வந்துவிடும் எங்கள் ஓசூரில் வழக்கம்போல் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரைப் பிறப்பே ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின்னாக வருவதற்குக் காரணம் உண்டு. சூரியன் அஸ்தமனத்துக்குள் மேஷ ராசியில் நுழைந்தால் அன்றே வருடப் பிறப்பு என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு. வங்காளத்திலோ சூரியன் அப்படி நுழையும் நாளுக்கு மறுநாள்தான் முதல் மாதமான வைசாகம் தொடங்கும். அன்று அங்கே வியாபாரிகள் 'ஹால் கத்தா' என்று புதுக் கணக்குப் புத்தகம் திறந்து, பழைய பாக்கியைத் தீர்க்க வரும் வாடிக்கையாளர்களுக்கு இனிப்புக் கொடுப்பார்கள். கணக்குப் பார்ப்பதற்கென்றே உள்ள நாளில் வங்கி மூடியிருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே பட்டிருக்கிறது. அசாமிலோ புத்தாண்டுப் பண்டிகையான பிஹு பல நாள் கொண்டாட்டம். ஆண்டின் கடைசி மாதமான சைத்ரத்தின் கடைசி நாளில் மாடுகளுக்கு உளுந்தும் மஞ்சளும் அரைத்துத் தேய்த்து ஆற்றில் குளிப்பாட்டி, சுரைக்காயும் கத்தரிக்காயும் ஊட்டுகிறார்கள். மறுநாள் பெரியவர்களுக்குக் கமோசா துண்டு கொடுத்து ஆசி வாங்குகிறார்கள். நம் மாட்டுப் பொங்கலை அவர்கள் சித்திரைக்குத் தள்ளி வைத்துக்கொண்டது போலிருக்கும். இப்படி நிலத்துக்கு நிலம் வேறுபடும் பண்டிகைகளுக்கு, காசோலை, புரோநோட்டு போன்றவற்றுக்கான 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அந்தந்த மாநில அரசு விடுமுறை அறிவிக்கிறது. அந்தச் சட்டப்படி, விடுமுறை நாளில் தவணை முடியும் புரோநோட்டுக்கு அதற்கு முந்தைய வேலை நாளே தவணை நாள். மறுநாள் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைப்பு செய்யும் வேலையை நான் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி கம்மலை வங்கியில் அடகு வைத்திருந்தார். 16ஆம் தேதி தங்கை பேத்திக்குக் கல்யாணம். 12 முதல் 14 வரை தொடர்ந்து மூன்று நாள் மூடல் என்பது சரிதான். ஆனால் 15, 16 தேதிகளும் விடுமுறை என்று பேரன் கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிட்டதால், கையில் பணம் இருந்தும் பாட்டி மீட்கப் போகவில்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகிய ஈர்க்குச்சியோடுதான் கல்யாணத்துக்குப் போய் வந்தார். வங்கிக்கு வங்கி மின்னணு வழியில் பணம் அனுப்பும் முறைகளான என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் எல்லா நாளும் இயங்குகின்றன என்று சமாதானம் சொல்லலாம். கம்மலை அப்படி அனுப்ப முடியாதே.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார். அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அறிவிப்பிலேயே ஒரு வரி இருக்கும். அதாவது வங்கி திறந்திருக்கும். செய்தியைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான்.

எனவே, தங்கள் நாளிதழிலாவது இனி இந்த மாதாந்தரச் செய்தியின் தலைப்பில் தமிழ்நாட்டுக்கு உரிய எண்ணை மட்டும் போட்டு, நம் தேதிகளைத் தனிக் கட்டத்தில் கிழமையோடு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லை ஊர்க்காரர்களுக்காகக் கர்நாடகம், ஆந்திரம், கேரளம், புதுச்சேரி தேதிகளையும் கீழே சிறு எழுத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
ஓசூர்.