பள்ளி ஆலோசகர் கண்ணுக்குச் சாதியும் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர் மோதல் ஒன்று செய்தியாகும் ஒவ்வொரு முறையும், 'மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கப்படும்' என்ற அறிவிப்பும் தவறாமல் வருகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் பிள்ளையின் கோபத்தையும் பயத்தையும் மட்டும் பேசி, அவற்றுக்குக் காரணமான சாதியைப் பேசாமல் விடுகிற ஆலோசனை, அடிபட்டவனையே பொறுத்துப்போகச் சொல்வதில்தான் முடியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும், உடன்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதற்கு முன் சில நாள்களாக அந்த மாணவர் பள்ளிக்கே போகவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் அவர் பட்ட தொல்லைகள் வெளிவந்தன. பள்ளியில் புகார் சொன்ன அன்றிரவே அரிவாள் வீடு தேடி வந்தது. தொடர்ந்து விழும் 'ஆப்சென்ட்' எதைச் சொல்கிறது என்று படிக்கத் தெரிந்தவரும், சொன்னவனைக் காட்டிக்கொடுக்காமல் புகாரைக் கையாளத் தெரிந்தவரும் பள்ளிக்குத் தேவை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், 500 மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளில் நல அலுவலர் பணியிடம் உருவாக்கப் பரிந்துரைத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி எழுந்த விவாதத்தில் சிறு பங்குகூட இதைப் பற்றி எழவில்லை. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வெளிப்படையாக அறிவிக்கக் கூடாது என்றும் குழு கூறியிருந்தது. படிவம் வந்ததும் "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்திருங்க" என்று எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே சொல்லும் சக ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன், எழுந்து நிற்கும் பிள்ளையின் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை.

குறையைப் பிள்ளைக்குள்ளேயே தேடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணைக் கொண்டு கறுப்பினக் குழந்தைகள் அவர்களது எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் அறிவுக் குறைபாடு உடையோர் வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டனர். 1971இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடுக்கப்பட்ட வழக்கில், கறுப்பின உளவியலாளர்கள் அக்குழந்தைகளை மறுபடி சோதித்தபோது மதிப்பெண்கள் கணிசமாக உயர்ந்தன. அவ்வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்ப்பதற்கு அச்சோதனைகளைப் பயன்படுத்த, நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் தடை விதித்தார். நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியல் தயாராகும்போது, அதில் எந்தத் தெருப் பிள்ளைகள் அதிகம் என்று எவரேனும் எண்ணிப் பார்ப்பதுண்டா?

ஆகவே, நியமிக்கப்படும் ஆலோசகர்கள் தலைமையாசிரியருக்கோ பள்ளி நிர்வாகத்துக்கோ கட்டுப்படாதவர்களாக இருக்க வேண்டும். சாதிப் பாகுபாட்டைக் கண்டறிவது அவர்களது பயிற்சியிலேயே இடம்பெற வேண்டும். பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டுக்குள் இதற்கான அரசாணையை வெளியிட வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை,
பாளையங்கோட்டை.