துருத்தி அடித்தவனின் வேண்டுகோள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூரின் பழைய ஆலயங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் கப்பன் சாலை புனித ஆண்ட்ரூஸ் ஆலயம் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் அங்குள்ள குழாய் ஆர்கனை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஆலயம் திறந்தது 1866இல். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பீட்டர் கொனாக்கர் கம்பெனி செய்த அந்த ஆர்கன் 1881இல் அமைக்கப்பட்டது.

எங்கள் புறநகர்க் கோயிலிலும் சின்னதாக ஒன்று உண்டு. குழாய்களுக்குக் காற்று ஊதும் துருத்திக்கு மோட்டார் இருந்தாலும், கரண்ட் போன ஞாயிறுகளில் கையால் அடிக்கிற வேலை பையன்களான எங்கள் தலையில் விழும். நூலில் கட்டிய ஈயக்குண்டு ஒன்று பக்கவாட்டில் ஏறி இறங்கும். குண்டு கீழே இருந்தால் காற்று நிறைய இருக்கிறது என்று அர்த்தம். மேலே ஏறிவிட்டால் பாமாலைப் பாட்டு நடுவில் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். பிரசங்கத்தில் தூங்கிப்போய் ஒருமுறை அப்படி நிறுத்தியவன் நான்தான். கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) திருகிய காது இன்னும் சுடுகிறது!

இப்போது காற்றைத் திறந்து மூடும் வால்வுகளின் தோல் வெடித்து, எங்கள் ஆர்கன் பூட்டிக் கிடக்கிறது. கீபோர்டு போதும் என்கிறது கமிட்டி. செலவு பெரிது, சரி, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளீயமும் ஈயமும் கலந்த குழாய்களைக் கழற்றி எடைக்குப் போடலாம் என்றும் பேச்சு அடிபடுகிறது. தோலையும் ஃபெல்ட் கம்பளித் துணியையும் மாற்றினால் பாடக்கூடிய கருவி அது. முதலில் வேலை தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டட்டுமே.

நகரில் இன்னும் எத்தனை ஆர்கன்கள் மிச்சம் என்று உங்கள் நிருபர் ஒரு சுற்று போய்ப் பார்த்து எழுதுவாரா?

ஒரு வாசகர்,
பெங்களூரு