வெளியே போன பாட்டுகளையும் கொஞ்சம் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதுகிற யூரோவிஷன் போட்டி முடிந்த மறுநாள் உங்கள் நாளிதழில் ஜெயித்தவரின் படமும் நாலு வரிச் செய்தியும் வரும், அதோடு சரி. எனக்கு அந்தப் போட்டியில் பிடித்ததே அதற்கு முன்னால் நடக்கிற கூத்துதான். பல நாடுகள் தங்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு போட்டி வைக்கின்றன. அங்கே கழித்துவிட்ட பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிற ஆள் நான்.

1966, இத்தாலி தன் பாட்டைத் தேர்ந்தெடுத்த சான்ரேமோ விழா. பாடகர் அட்ரியானோ செலென்டானோ, மிலனில் தான் பிறந்த க்ளுக் தெருவைப் பற்றி, அங்கிருந்த புல்வெளி எல்லாம் கட்டடமாகிப் போனதைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. ஜெயித்த பாட்டை டொமினிகோ மொடுனோ யூரோவிஷனுக்குக் கொண்டுபோனார், கிடைத்த மதிப்பெண் பூஜ்யம்! (அதுவும் நல்ல பாட்டுதான், பாவம்.) கழித்துவிட்ட பாட்டோ அதே வருடம் பாடகி பிரான்ஸ்வாஸ் ஹார்டி குரலில் பிரெஞ்சுக்குப் போனது, இத்தாலியர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

எல்லாத் தடவையும் நடுவர்கள் தப்புப் பண்ணுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. 2022-இல் ஸ்பெயினின் தேர்வுப் போட்டியான பெனிடோர்ம் விழாவில் தான்ஷுகேய்ராஸ் என்ற மூன்று பெண்கள், கலீசிய மொழியில், கையில் கஞ்சிரா மாதிரியான தம்பூரினோடு 'டெர்ரா' பாடினார்கள். நடுவில் 'எல்லைகள் இல்லை' என்ற வரியை ஸ்பெயினின் மற்ற மொழிகளிலும் மாற்றி மாற்றிப் பாடுவார்கள், அந்த இடம் வரும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும். ரசிகர்களின் தொலைபேசி வாக்கில் எழுபது சதவீதத்துக்கும் மேல் அவர்களுக்குத்தான், ஆனால் அந்த வாக்குக்கு மொத்தத்தில் கால் பங்குதான் மதிப்பு என்பதால் மூன்றாவது இடத்தோடு நின்றுவிட்டார்கள். ஜெயித்த ஷனெல் யூரோவிஷனிலும் மூன்றாவதாக வந்து, 1995-க்குப் பிறகு ஸ்பெயின் பார்க்காத இடத்தைப் பிடித்தார். சரி, நடுவர்கள் கணக்குப் பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக 'டெர்ரா' மட்டமான பாட்டு ஆகிவிடுமா?

மூன்று நிமிடப் பாட்டு, முதல் தடவை கேட்கிறவர்களே பாதிப் பேர், உடனே ஓட்டுப் போட வேண்டும். நாலைந்து தடவை கேட்ட பிறகு மனசில் உட்காருகிற பாட்டு அங்கே எப்படிப் பிழைக்கும்? ஸ்வீடன்காரர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும், 2002-இல் தங்கள் தேர்வுப் போட்டியைப் பல சுற்றாக்கியபோதே நூலிழையில் தவறிய பாட்டுகளுக்கு இரண்டாவது வாய்ப்புத் தர ஒரு சுற்றும் வைத்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே எல்லாரும் ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) இசைக்குழுவை இழுப்பார்கள், 1973-இல் ஸ்வீடன் தேர்வில் மூன்றாவதாக வந்தவர்கள் அடுத்த வருடம் பிரைட்டனில் நடந்த யூரோவிஷனில் ஜெயித்தார்களே என்று. எனக்கு அந்த உதாரணமே பிடிக்காது. பின்னால் ஜெயித்துக் காட்டியவர்களின் தோல்வியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம், மறுபடி மேடையே ஏறாதவர்களின் பாட்டு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தத் தேர்வுகள் மும்முரமாக நடக்கிற பிப்ரவரி, மார்ச்சில் வாரம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும், ஒரு நாடு, வெளியே போன ஒரு பாட்டு. எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் என் ஓட்டு 'டெர்ரா'வுக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்