அந்தக் காணிக்கு யாருமே பொறுப்பில்லையா?

மலையகத்தின் பிரதேச சபைத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ஒரு மலை இருக்கிறது. பல வருடமாகத் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து இல்லை, கொழுந்து எடுப்பதும் இல்லை. தேயிலை மரமாக வளர்ந்து, இடையில் மானாப்புல் ஏறி, முழுக்கக் காடாகிவிட்டது. அதன் ஓரத்தில் ஒரு பழைய ஸ்டோர் கட்டிடம். காற்றடித்தால் அதன் துருப்பிடித்த தகரம் இரவெல்லாம் படபடக்கும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதை அதற்குக் கீழேதான். போன வருடம் அந்தக் காட்டிலிருந்து கலைந்து வந்த குளவி, பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் சின்னம்மாவையும் இன்னும் மூன்று பேரையும் கொட்டியது. நால்வரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சொன்னால், "சபையில் கேளுங்கள்" என்றார். சபையில் கேட்டால், "அது தோட்டத்துக் காணி, நாங்கள் கை வைக்க ஏலாது" என்றார்கள்.

இந்தப் பதில் ஒரு காலத்தில் செல்லுபடியானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆவது பிரிவைக் காட்டித்தான் சபைப் பணம் தோட்டத்துக்குள் வராமல் தடுக்கப்பட்டது. அந்தப் பிரிவை 2018இல் திருத்தி, தோட்டத்து மக்களுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தார்கள். நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. நாங்களும் வரிசையில் நின்று வாக்களித்தோம். பழைய பதில் மட்டும் மாறவில்லை.

உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரத்தையும் மக்களின் நலனையும் பார்ப்பது சபையின் கடமை என்று அதே சட்டம் தொடக்கத்திலேயே சொல்கிறது. நுளம்பு பெருகாமல் இடத்தை வைத்திருக்க வேண்டியது அதன் சொந்தக்காரரும் அங்கே இருப்பவரும்தான் என்கிறது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். விழக்கூடிய கட்டிடத்தையோ மரத்தையோ அகற்றும்படி கட்டளையிட, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆவது பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அந்த விண்ணப்பத்தைச் சபையே முன்னின்று கொண்டுபோகலாமே.

சொந்தக்காரர் யார் என்று தெரியாது என்பதையும் ஏற்க முடியாது. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இலிருந்து கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன. இது ஊரறிந்த விஷயம். ஏக்கர் வரி எழுதும் உங்கள் புத்தகத்தில் எந்தக் காணி யார் கையில் என்பது இருக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அறிவித்தலைக் கொண்டுவந்து லயத்துக் கதவில் ஒட்டிவிடாதீர்கள். ஒழுகும் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருப்பவருக்கு அந்தச் சுவரும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. தண்ணீர் ஓடும் கான் அடைபட்டதற்கு அவரைத் தண்டித்தால் அது அநியாயம். வாசலில் நாலு பாத்தி கீரை போட்டவரைப் பிடிப்பதும் அப்படித்தான். அறிவித்தல் காணியை வைத்திருக்கும் நிர்வாகத்துக்குப் போகட்டும். தவணை கொடுங்கள். செய்யாவிட்டால் சபையே வெட்டித் துப்புரவாக்கி, செலவை அவர்களிடம் அறவிடுங்கள். அதற்கு உபவிதி போதாதென்றால் புதிதாக ஒன்று நிறைவேற்றுங்கள், அந்த அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எங்கள் பழைய ஸ்டோரை மீரியபெத்தையோடு ஒப்பிடவில்லை. ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பிறகு, யார் அசைவது என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை மலையகத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வைகாசி பிறந்தால் தென்மேற்கு மழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு நாள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கிராம உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு உங்கள் வட்டாரத்தில் இப்படிக் கிடக்கும் இடங்களை நடந்து பாருங்கள். எங்கள் மலைக்கும் வாருங்கள், பாதை காட்ட நான் வருகிறேன். பிள்ளைகள் அந்தப் பாதையில் வரும் நேரம் காலை ஏழு மணி. அந்த நேரத்துக்கே வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து வாக்காளர்