கர்ணம் ஏன் 14 இல்லை: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரத் தேர்வில் ஒரு கணக்கு. ஒரு முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 6, 8. அதற்கு எதிரே உள்ள நீளமான பக்கம், அதாவது கர்ணம், எவ்வளவு? நிறையப் பேர் 14 என்று எழுதியிருந்தார்கள். கணக்கு டீச்சர் திட்டவில்லை. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். கேட்டிலிருந்து கஞ்சிப்புரைக்கு (மதிய உணவு சமைக்கும் இடம்) எல்லோரும் குறுக்கேதான் ஓடுவார்கள். "14தான் விடையென்றால் சுற்றிப் போவதும் குறுக்கே போவதும் ஒரே தூரம். அப்புறம் எதற்குக் குறுக்கே ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, விடை வரவில்லை.

விடை கஞ்சிப்புரைக்குப் பின்னால் கிடைத்தது. அங்கே ஸ்டோர் ரூமுக்கு அஸ்திவாரம் போடுகிறோம். கொத்தனார் நம் மாணவி ஒருத்தியின் அப்பா. முளையில் கட்டிய நூலில் ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்துவிட்டுக் குறுக்கே டேப் பிடித்தார். 9 அடி 10 அங்குலம். "மூலை உள்ளே சாஞ்சிருக்கு" என்று ஒரு முளையைப் பிடுங்கிக் கொஞ்சம் வெளியே தள்ளி அடித்தார். டேப் சரியாக 10 அடி காட்டிய பிறகுதான் அடுத்த மூலைக்கு நகர்ந்தார். 10க்குக் குறைந்தால் கோணம் 90 பாகைக்குக் குறைவு, கூடினால் அதிகம். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

மலையாள மீடியம் புத்தகத்தில் செங்கோண முக்கோணத்துக்கு 'மட்டத்ரிகோணம்' என்று பெயர். கொத்தனாரின் மூலைமட்டத்தில் இருக்கும் அதே மட்டம். நம் புத்தகச் சொல்லைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தமிழய்யா கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, ஏன் 10? வீட்டில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 7 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாள் ஒன்று. ஒரே சுற்றாகப் போய், ஒவ்வொரு மூலையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளிப் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து, நான்கு மூலைகளையும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டியவை 3, 4 பக்கமுள்ள முக்கோணங்கள். ஒவ்வொன்றின் பரப்பு 6. நான்கும் சேர்ந்து 24. மொத்தம் 49. ஆக, கையில் மிஞ்சும் சாய்ந்த சதுரம் 25, அதன் பக்கம் 5. அந்தப் பக்கம்தான் முக்கோணத்தின் கர்ணம். 9ம் 16ம் சேர்ந்து 25. கூட்ட வேண்டியது பக்கங்களை அல்ல, பக்கங்களின் மேல் நிற்கும் சதுரங்களை. கொத்தனாரின் 6, 8, 10 இதன் இரட்டிப்பு. இப்படிச் சதுரங்களை வெட்டிச் சேர்த்து நிரூபிக்கும் வழி, 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதப்பட்ட யுக்திபாஷை என்ற கணித நூலிலும் உண்டு. வெட்டும் விதம்தான் வேறு.

அடுத்து, பெற்றோர் வாட்ஸாப் குழுவில் சுற்றிவரும் 'பழந்தமிழர் சூத்திரம்'. பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வந்துவிடுமாம், வர்க்கமூலமே வேண்டாமாம். 3, 4 போட்டால் 5 வருகிறது. 5, 12 போட்டால் 13. நானும் முதலில் அசந்துபோனேன். அப்புறம் 8, 15 போட்டேன்: 17க்குப் பதில் பதினேழே அரைக்கால் (17.125). இரு பக்கமும் 10 என்றால் 13.75, உண்மையில் 14.14 வர வேண்டும். கண்மதிப்புக்கு நல்ல வழிதான், மறுக்கவில்லை. பரீட்சையில் எழுதினால் மார்க் போகும். தயவுசெய்து பிள்ளைகளிடம் 'இதுதான் சுலபம்' என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எந்த அளவுகளுக்குச் சரியாக வருகிறது, எதற்கு வரவில்லை என்று அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதற்குள் வீட்டில் ஏதாவது ஒரு அறையின் மூலையைப் பிள்ளைகள் 3 அடி, 4 அடி குறித்து அளந்து வர வேண்டும். டேப் இல்லாத வீட்டுக்குப் பள்ளியிலிருந்து கொடுத்தனுப்புகிறோம். குறுக்களவு 5 அடி வரவில்லை என்று யாரும் கொத்தனார் வீட்டுக்குச் சண்டைக்குப் போக வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்