வீட்டுத் தோட்டச் சங்கம், கொழும்பு 6: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

2024 ஒக்டோபர் முதல் 2025 செப்டெம்பர் வரையான எமது சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு பன்னிரண்டு தடவை கூடியிருக்க வேண்டும். ஏழு தடவை கூடியது. அதிலும் மூன்று தடவை கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள் இல்லாமல் பிளேன்டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

நவம்பரில் பாடசாலை ஒன்றுக்கு நாற்பது கறிவேப்பிலைக் கன்றுகள் கொடுக்கப்பட்டன. தைப்பொங்கல் வழமைபோல் நடந்ததாக அறிகிறேன். மே மாதம் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய்வந்தோம். பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர், வான் வண்டியில் ஏறியவர்கள் பதினான்கு பேர், வாடகை என்னவோ முழு வானுக்கும்தான். ஜூலையில் கூட்டெருப் பயிற்சி ஒன்று நடந்தது. மழையில் கள்ளிகள் அழுகாமல் இருக்க மொட்டைமாடியில் பந்தல் ஒன்றும் போட்டோம்.

பொங்கல் "நடந்ததாக அறிகிறேன்" என்றதும் பின் வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சரி, அந்த விஷயத்துக்கே வருகிறேன்.

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை நான் ரொறன்ரோவில் மகள் வீட்டில் இருந்தேன். செயற்குழுவுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் வட்ஸ்அப் குழுவில் "செயலாளர் ஸ்னோ பார்க்கப் போய்விட்டார்" என்று ஒருவர் எழுத, ஒன்பது பேர் அதற்குச் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் இந்த ஆண்டுச் சந்தா கட்டாதவர்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்னோ பார்த்தது உண்மை. அதற்குக் கீழே என்ன இருந்தது என்றும் பார்த்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மகளின் வீட்டு முன்றலில், தெற்குச் சுவரோடு ஒட்டி, கள்ளிப் பாத்தி ஒன்று இருக்கிறது. தாமரைப் பூப்போல அடுக்கிதழாக இருக்கும் செம்பெர்விவம், தரையோடு படரும் செடம், நம் நாகதாளிக்கு உறவுக்காரனான சிறு சப்பாத்திக்கள்ளி. குளிர் நாட்டில் கள்ளியா என்று நானும் கேட்டேன். செம்பெர்விவம் அல்ப்ஸ், பைரனீஸ் போன்ற மலைகளின் பாறை இடுக்குகளில் வளர்வது. சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை தாங்கும். சப்பாத்திக்கள்ளியில் ஓர் இனம் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், பெருநிலத்தின் தென்முனையான பொயின்ட் பீலியில் இயற்கையாகவே வளர்கிறதாம்.

நான் போனதும் செய்த முதல் வேலை பிழை. குளிரில் பாவம் என்று இரண்டு சாடி செம்பெர்விவத்தைத் தூக்கி வீட்டுக்குள் ஹீட்டர் பக்கம் வைத்தேன். மூன்று கிழமையில் அவை வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டி, நிறம் வெளுத்து, முருங்கைக்காய் போல ஆகிவிட்டன. அவற்றுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டுமாம். இரண்டாவது பிழை சப்பாத்திக்கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றியது. அது சுருங்கி, வாடி, தரையில் படுத்துவிட்டது. செத்துப்போகிறதே என்று ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். மகள் ஓடிவந்து, "அப்பா, அது தானாகத்தான் தண்ணியை இறக்குது" என்றாள். உடம்பில் தண்ணீரைக் குறைத்துச் சாற்றைக் கெட்டியாக்கிக்கொண்டால் உள்ளே பனிக்கட்டி பிடித்துக் கலங்கள் வெடிப்பது குறையும். அதற்காகத்தான் இலையுதிர் காலம் தொடங்கும்போதே தண்ணீரையும் உரத்தையும் நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்றாவது பிழையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்துக் கொட்டிய ஸ்னோவில் பாத்தி மறைந்துபோனது. நான் சவளால் அதை வாரி எடுத்துவிட்டேன். அது போர்வை என்பது எனக்குத் தெரியாது. மேலே காற்று சுழியத்துக்குக் கீழே 15 பாகையில் அடித்தாலும் அடியில் மண் அவ்வளவு இறங்காது. மருமகன் கோபிக்காமல் போர்வையைத் திரும்பப் போடச் சொன்னார். நான் வாகனப் பாதையில் கிடந்த ஸ்னோவை அள்ளிப் போட்டேன். அதில் வழுக்காமல் இருக்கத் தூவிய உப்பு கலந்திருந்தது. ஓர் ஓரத்துச் செடம் முழுவதும் போய்விட்டது.

ஆனால் பாத்தியில் மிக அதிகமாகச் செத்தது என் கைபடாத ஒரு மூலையில்தான். கூரைப் பீலி ஒழுகி எந்நேரமும் மண் நனைந்திருந்த இடம் அது. மற்ற இடங்களில் சல்லியும் மணலுமாகத் தண்ணீர் நிற்காத மண், செடியின் கழுத்தைச் சுற்றிச் சிறு கூழாங்கல், மேலே சரிவாக ஒரு கண்ணாடித் தகடு, காற்றோட்டத்துக்கு நான்கு பக்கமும் திறப்பு. உப்புப் பட்ட அந்த ஓரத்தைத் தவிர அங்கே ஒன்றும் போகவில்லை. மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறைந்து மண் பொங்க, சில கன்றுகள் வேரோடு கிளம்பி நின்றன; விரலால் அமர்த்திவிட்டோம், பிடித்துக்கொண்டன. அப்புறம், வாசற்படியில் எச்செவேரியா ஒன்று இருந்தது. பார்வைக்குச் செம்பெர்விவத்தின் இரட்டைப் பிள்ளை, ஊரோ மெக்சிக்கோப் பக்கம். ஒரே இரவில் ஜெலியாகிவிட்டது. முகம் பார்த்து இனம் சொல்லக்கூடாது.

கொழும்பில் ஏது குளிர்காலம் என்று கேட்டீர்கள். நியாயம்தான், இங்கே இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆனால் நமக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அது முடிந்த கையோடு ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. எமது அங்கத்தவர்களின் கள்ளிகள் ஆண்டுதோறும் சாவது இந்த மாதங்களில்தான். அந்தப் பீலி மூலையில் நடந்ததுதான் நம் வெள்ளவத்தையில் தொடர்மாடிக்குத் தொடர்மாடி நடக்கிறது. அங்கே குளிர்காலத்துக்குச் செய்வதை இங்கே மழைக்குச் செய்தால் என்ன என்று யோசித்தேன். பந்தல் பிறந்த கதை இதுதான்.

அங்கத்தவர் ஒருவரின் மொட்டைமாடியில், ஒளி போகும் பிளாஸ்டிக் கூரைத் தகடு நான்கு போட்டு, பக்கங்களைத் திறந்தே விட்டோம். பொலித்தீனால் மூடச் சொன்னவர்களுக்கு: உள்ளே வெந்துவிடும். விற்கும் இடத்தில் தும்புச்சோற்றில் (தென்னைநார்த் தூளில்) வைத்துத் தந்த கன்றுகளை உதறி, பாதி மண் பாதி சல்லியில் மாற்றி நட்டு, சாடிகளைச் செங்கல் மேல் ஏற்றினோம். தட்டு வைக்கவில்லை. டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் தட்டில்லாத சாடிகளைப் பார்த்து மகிழ்ச்சியோடு போனார்கள். இந்த ஆண்டில் எமது சங்கத்தை யாராவது பாராட்டியது அந்த ஒரு நாள்தான். கடற்காற்று உப்பை இலையில் படிய விடுவதால், காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை காலையில் இலையைக் கழுவிவிட வேண்டும்.

பந்தலுக்குக் கீழே முப்பது சாடி, ஒப்பிட்டுப் பார்க்க வெளியே பத்துச் சாடி. செப்டெம்பர் முடிவில் வெளியே இருந்ததில் ஏழு அழுகிவிட்டன. உள்ளே நான்கு போயின. அதில் இரண்டு, முறை வைத்துப் பந்தலைப் பார்க்க வந்த அங்கத்தவர் ஒருவர் "வாடியிருக்கே" என்று இரக்கப்பட்டு வாளியால் ஊற்றியதால். அவரை நான் குறை சொல்லவில்லை, ஸ்காபரோவில் நானும் அதையேதான் செய்தேன். ஆனால் முறைப்பட்டியலில் பெயர் போட்ட எட்டுப் பேரில் வந்தவர் அவர் ஒருவர்தான்.

செம்பெர்விவக் கன்றுகளை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் கன்று கொண்டுவருவது சட்டப்படி குற்றம். கொண்டுவந்தாலும் நம் வெக்கைக்கு அது நிற்காது.

கணக்கு விபரம். பொருளாளர் அவசரமாக யாழ்ப்பாணம் போயிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வரவு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் அதிகம், வங்கியில் இருப்பு உண்டு. கூரைத் தகடுகள் "இதர செலவுகள்" என்ற தலைப்பில் வருகின்றன; அந்தத் தலைப்பு ஏன் பெருத்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதுதான் காரணம். முழு அறிக்கை கணக்காய்வாளரிடம் இருக்கிறது.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபா. மாதம் 50 ரூபா. இன்று அந்தக் காசுக்கு வடையும் பிளேன்டீயும் சேர்த்து வராது. ஐம்பத்து மூன்று அங்கத்தவர்களில் இருபத்தொன்பது பேர் கட்டவில்லை, பதினொரு பேர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். வாசிக்கவில்லை.

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், மொட்டைமாடி தந்த குடும்பத்தினருக்கும், சிற்றுண்டி தந்த அக்காமாருக்கும், ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், இந்தப் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாகக் கொடுப்பேன். ஒருவரும் கை தூக்காவிட்டால் அப்போது பார்ப்போம். எப்படியும் டிசெம்பர் முதல் கிழமை நான் மறுபடி மகளிடம் போகிறேன். மாடிச் சாவியை வாங்கிக்கொள்ள மூன்று பேர் வேண்டும். வேலை பெரிதில்லை. கிழமைக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் இறங்கி வரவேண்டும். சந்தாப் புத்தகம் வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்